பத்து நிமிட நூடில்ஸும் அதற்கு முந்திய நாற்பது நிமிடங்களும்

(க.பொ.த. உயர்தரம், உயிரியல் விஞ்ஞானப் பிரிவு)



"உம்மா, பசிக்குது. இறைச்சி போட்டு நூடில்ஸ் செஞ்சி தாங்களேன். சும்மா பத்து நிமிஷ வேலதானே!"

பின்னேர வகுப்பு முடிந்து வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே நானும் தம்பியும் இப்படிச் சொன்ன நாட்களுக்குக் கணக்கில்லை. உம்மா ஒரு நாளும் மறுத்ததில்லை. நாங்கள் வுழூச் செய்து மஃரிப் தொழுது வரும்போது மாட்டிறைச்சி நூடில்ஸ் ஆவி பறக்க மேசையில் இருக்கும். ஆகவே அது பத்து நிமிட வேலை என்றே பதினேழு வயது வரை நம்பியிருந்தேன்.

சென்ற வருடம் உம்மா குளியலறையில் வழுக்கி விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரங்கள் பிளாஸ்டர் போட்டிருக்க வேண்டும் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். குசினி என் பொறுப்புக்கு வந்தது. முதல் நாளே தம்பிக்கு முன்னால் வீரம் பேசிக்கொண்டு நூடில்ஸ் செய்யப் புறப்பட்டேன்.

இறைச்சியைப் பெருந்துண்டுகளாக வெட்டி, கழுவிய ஈரத்தோடு முழுவதையும் ஒரே தடவையில் தாச்சியில் கொட்டினேன். வறுபடும் சத்தம் கேட்கவில்லை. இறைச்சியிலிருந்து தண்ணீர் ஊறி, துண்டுகள் எல்லாம் சாம்பல் நிறமாகி அந்தத் தண்ணீரிலேயே கொதித்தன. அதன் பிறகுதான் கரட்டைத் தேடினேன். கரட்டை வெட்டி முடிப்பதற்குள் அவித்து வைத்த நூடில்ஸ் ஒரே கட்டியாக ஒட்டிக்கொண்டது. அதைக் கிளறியபோது துண்டு துண்டாக உடைந்தது. எல்லாம் முடியும்போது ஒரு மணித்தியாலம் கடந்திருந்தது.

"ராத்தா, இது நூடில்ஸா, நோன்புக் கஞ்சியா?" என்று தம்பி கேட்டான். வாப்பா, "பரவாயில்ல மகள்" என்றார். உம்மா இடது கையால் கரண்டியைப் பிடித்து, ஒரு சொல்லும் சொல்லாமல் சாப்பிட்டார். ஆனால் மெல்ல முடியாத இறைச்சித் துண்டுகள் நான்கு பீங்கான்களின் ஓரத்திலும் ஒதுங்கிக் கிடந்தன. இன்றைய விலைவாசியில் இறைச்சியை வீணாக்குவது எவ்வளவு பெரிய பாரம் என்பது அவற்றை அள்ளிக் கொட்டும்போதுதான் என் நெஞ்சில் உறைத்தது.

மறுநாள் உம்மா குசினியில் ஒரு கதிரையைப் போட்டு அமர்ந்தார். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு வாயால் சமைத்தார். நான் கையால் சமைத்தேன். அந்த ஆறு வாரங்களில் கற்றதையே இங்கு ஒரு பாடமாக எழுதுகின்றேன். உம்மா சொன்ன ஒவ்வொரு வார்த்தைக்குப் பின்னாலும் எங்கள் பாடப் புத்தகத்தில் ஒரு காரணம் இருந்தது என்பதுதான் எனக்குப் பெரிய வியப்பு.

நூடில்ஸ் வந்த வழி

நூடில்ஸ் நமக்குப் புதிது. உலகுக்கு மிகப் பழையது. சீனாவின் லாஜியா என்ற இடத்தில் கவிழ்ந்து கிடந்த மண் கிண்ணமொன்றின் அடியில் ஏறத்தாழ 4000 வருடங்கள் பழைமையான நூடில்ஸ் இழைகள் கண்டெடுக்கப்பட்டன. இச்செய்தி 2005ஆம் ஆண்டு வெளியாகியது. பைக்கற்றில் வரும் உடனடி நூடில்ஸை 1958ஆம் ஆண்டு ஜப்பானில் மொமொஃபுகு அண்டோ என்பவர் அறிமுகப்படுத்தினார்.

மாட்டிறைச்சி நூடில்ஸுக்கும் முஸ்லிம்களுக்கும் பழைய தொடர்பு உண்டு. சீனாவின் கான்சு மாகாணத்திலுள்ள லான்சோ நகரம், அங்கு வாழும் ஹுய் முஸ்லிம்களின் மாட்டிறைச்சி நூடில்ஸுக்குப் பெயர்பெற்றது. ஆனால் அது மாவைக் கையால் இழுத்து இழைகளாக்கி, சூப்பில் இட்டுப் பரிமாறும் உணவு. நாம் வீட்டில் செய்வது வேறு வகை. கடுஞ்சூட்டில் சிறிதளவு எண்ணெயில் விரைவாகக் கிளறி வறுக்கும் இம்முறையும் சீனச் சமையலிலிருந்தே வந்தது. அங்கே அதற்கு வாய்த்த லீக்ஸும் கோவாவும் நமது சந்தையிலும் கிடைக்கின்றன.

நால்வருக்குத் தேவையானவை

எலும்பில்லாத மாட்டிறைச்சி 300 கிராம், நூடில்ஸ் 250 கிராம், கரட் 1, லீக்ஸ் 1, மெல்லியதாக அரிந்த கோவா ஒரு கோப்பை, பெரிய வெங்காயம் 1, கறிமிளகாய் 2, வெள்ளைப்பூடு 4 பல், இஞ்சி ஓர் அங்குலத் துண்டு, சோயா சோஸ் 2 மேசைக்கரண்டி, சோள மா 2 தேக்கரண்டி, அப்பச்சோடா கால் தேக்கரண்டி, மிளகுத்தூள் ஒரு தேக்கரண்டி, சீனி ஒரு தேக்கரண்டி, எண்ணெய் 3 மேசைக்கரண்டி, தேசிக்காய் பாதி. உறைப்பு விரும்புவோர் இடித்த செத்தல் மிளகாய் சிறிது சேர்க்கலாம்.

முதலில் மரக்கறிகள் அனைத்தையும் வெட்டி முடித்து, அதன் பின்னரே பலகையில் இறைச்சியை வைக்க வேண்டும். பச்சை இறைச்சியில் உள்ள கிருமிகள் மரக்கறிக்குத் தொற்றாமல் இருக்க இதுவே இலகுவான வழி. பின்னர் பலகையையும் கத்தியையும் கையையும் சவர்க்காரமிட்டுக் கழுவிவிட வேண்டும்.

நாருக்குக் குறுக்கே வெட்டுதல்

"என்ன மகள், நார் போற பக்கமே வெட்டிட்டுப் போறீங்க? குறுக்கால வெட்டுங்க!" இதுதான் உம்மாவின் முதலாவது கட்டளை.

இறைச்சி என்பது விலங்கின் தசை. தசைநார்கள் கட்டுக்கட்டாக ஒரே திசையில் அடுக்கப்பட்டு, தொடுப்பிழையத்தால் பிணைக்கப்பட்டிருக்கும். இறைச்சித் துண்டை உற்றுப் பார்த்தால் அந்தக் கோடுகள் வெறுங்கண்ணுக்கே தெரியும். கோடுகளின் திசையில் வெட்டினால் ஐந்து சென்ரிமீற்றர் நீளமான துண்டில் நாரும் ஐந்து சென்ரிமீற்றர் நீளமாகவே இருக்கும். அதை அறுக்கும் வேலை நம் பற்களுக்கு வந்துவிடும். குறுக்கே 3 மில்லிமீற்றர் தடிப்பில் வெட்டினால் நாரின் நீளமும் 3 மில்லிமீற்றர்தான். கத்தி முன்கூட்டியே அறுத்துக் கொடுத்துவிட்டது.

கறிக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டையும் அன்று புரிந்துகொண்டேன். தொடுப்பிழையத்தில் கொலாஜன் என்ற புரதம் இருக்கின்றது. இறைச்சிக் கறியை நீண்ட நேரம் மெல்லிய நெருப்பில் வேகவிடும்போது அது ஜெலற்றினாக மாறி இறைச்சி பஞ்சுபோல் ஆகிவிடும். கிளறி வறுக்கும்போது அதற்கு நேரம் கிடையாது. ஆகவே சவ்வும் நாரும் நிறைந்த கறித்துண்டு இதற்கு உதவாது. கடையில், "வறுக்க வேணும், சவ்வு இல்லாத தனிச் சதை தாங்க" என்று கேட்டு வாங்க வேண்டும்.

மெல்லியதாக வெட்ட வராதவர்கள் இறைச்சியை அரை மணித்தியாலம் குளிர்சாதனப்பெட்டியின் உறைபகுதியில் வைத்து எடுக்கலாம். முழுதாக உறையாமல் சற்று இறுகியிருக்கும் இறைச்சி கத்திக்கு வழுக்காது.

அப்பச்சோடாவும் சோள மாவும்

வெட்டிய இறைச்சியைப் பிழிந்து, சுத்தமான துணியால் ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும். கால் தேக்கரண்டி அப்பச்சோடாவை ஒரு மேசைக்கரண்டி தண்ணீரில் கரைத்து அதில் பிசிறி ஐந்து நிமிடங்கள் வைக்கவும். அப்பச்சோடா ஒரு மென்காரம். அது இறைச்சியின் மேற்பரப்பின் பீஎச் பெறுமானத்தைக் கூட்டுகின்றது. அப்போது சூடுபடும் புரதங்கள் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்வது குறையும்; இறைச்சி மென்மையாக இருக்கும். மென்மை கூடட்டும் என்று அளவைக் கூட்டிவிடாதீர்கள். நான் ஒரு நாள் முழுத் தேக்கரண்டி போட்டுச் சவர்க்காரம் சாப்பிட்டதுபோல் ஆகிவிட்டது.

இந்தக் கட்டத்தில் தேசிக்காய்ப் புளியும் விடக்கூடாது. அமிலமும் காரமும் சேர்ந்தால் நடுநிலையாக்கம் நிகழும் என்று சாதாரண தரத்திலேயே படித்தோம் அல்லவா? இரண்டையும் ஒன்றாக விட்டால் சோடா போட்டதில் பயனில்லாமல் போய்விடும்.

பிறகு சோயா சோஸ் ஒரு மேசைக்கரண்டி, சோள மா இரண்டு தேக்கரண்டி, மிளகுத்தூள் அரைத் தேக்கரண்டி, எண்ணெய் ஒரு தேக்கரண்டி சேர்த்துக் கலந்து பத்து நிமிடங்கள் மூடி வைக்கவும். சோள மாவிலுள்ள மாப்பொருள் சூடு பட்டவுடன் பசைபோலாகி ஒவ்வொரு துண்டையும் போர்த்திக்கொள்ளும். இறைச்சியின் சாறு வெளியேறுவதை அது குறைக்கும். பின்னர் விடும் சோஸையும் துண்டோடு ஒட்டவைக்கும்.

நூடில்ஸ் அவித்தல்

பைக்கற்றில் குறிப்பிட்ட நேரத்திலும் ஒரு நிமிடம் குறைவாக, நிறையத் தண்ணீரில் நூடில்ஸை அவிக்க வேண்டும். தாச்சியில் அது இன்னொரு தடவை வேகப்போகிறது என்பதே காரணம். வடித்தவுடன் குளிர்ந்த தண்ணீரை ஊற்றி அலச வேண்டும். இதனால் வேகுவது நிற்கும். மேலே ஒட்டியிருக்கும் மாப்பொருளும் கழுவுப்பட்டுப் போகும். நான் முதல் நாள் கண்ட கட்டி, இந்த மாப்பொருள் ஆறியபோது ஒட்டிய கட்டிதான். நன்றாக நீர் வடிந்த பின் ஒரு தேக்கரண்டி எண்ணெய் பூசி அகலமான தட்டில் பரப்பி வைக்கவும்.

ஒரு சிறு கிண்ணத்தில் மீதி ஒரு மேசைக்கரண்டி சோயா சோஸ், சீனி, மீதி மிளகுத்தூள், மூன்று மேசைக்கரண்டி தண்ணீர் ஆகியவற்றைக் கலந்து வைக்கவும். இப்போது அடுப்புக்கு அருகில் எல்லாம் வரிசையாக இருக்க வேண்டும். "அடுப்பப் பத்த வெச்சா பிறகு கத்தியத் தொடக்கூடாது" என்பது உம்மாவின் இரண்டாவது கட்டளை.

நெருப்பின் முன் பத்து நிமிடங்கள்

கனமான தாச்சியைப் பெரிய நெருப்பில் நன்றாகச் சூடாக்கி ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் விடவும். இறைச்சியில் பாதியை மட்டும் போட்டு, துண்டுகளைப் பரப்பி, அரை நிமிடம் தொடாமல் விடவும். பிறகு கிளறவும். ஒன்றரை நிமிடத்தில் எடுத்துவிட்டு, தாச்சியை மீண்டும் சூடாக்கி மறுபாதியைப் போடவும்.

ஏன் இரண்டு தடவை? இறைச்சிக்கு அந்த மணமும் பொன்னிறமும் தருவது மைலார்ட் தாக்கம். 1912ஆம் ஆண்டு லூயி கமில் மைலார்ட் என்ற பிரான்ஸ் நாட்டு இரசாயனவியலாளர் இதனை விபரித்தார். அமினோ அமிலங்களும் வெல்லங்களும் சூட்டில் தாக்கமுற்று நூற்றுக்கணக்கான மணப்பொருட்கள் உண்டாகின்றன. ஏறத்தாழ 140 பாகை செல்சியஸுக்கு மேல்தான் இத்தாக்கம் வேகமாக நிகழும். ஆனால் தாச்சியில் தண்ணீர் தேங்கி நிற்கும்வரை, தண்ணீரில் கிடக்கும் இறைச்சியின் வெப்பநிலை 100 பாகையைத் தாண்டாது.

தண்ணீர்தானே, வற்றிவிடும் என்று நினைக்கலாம். ஒரு கிலோகிராம் தண்ணீரை 30 பாகையிலிருந்து 100 பாகைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 294 கிலோயூல் வெப்பம் போதும். கொதிக்கும் அதே தண்ணீரை முழுவதும் ஆவியாக்க ஏறத்தாழ 2260 கிலோயூல் வேண்டும். அதாவது ஏழு மடங்குக்கும் மேல். உணவகத்துப் பெரிய அடுப்பு அந்த வெப்பத்தைக் கொடுத்துவிடும். வீட்டுக் காஸ் அடுப்பால் முடியாது. ஆகவே நாம்தான் தாச்சியின் பாரத்தைக் குறைத்துக் கொடுக்க வேண்டும். ஆவியாதலின் மறைவெப்பத்தைப் பரீட்சைக்காக எத்தனையோ தடவை மனனமிட்டிருக்கின்றேன். அது என்னவென்று விளங்கியது சாம்பல் நிற இறைச்சியைப் பார்த்த பிறகுதான்.

இறைச்சியை எடுத்து வைத்த பின் மீதி எண்ணெயில் வெள்ளைப்பூடு, இஞ்சி, வெங்காயம் ஆகியவற்றை அரை நிமிடம் வதக்கவும். கரட், லீக்ஸின் தண்டுப்பகுதி இரண்டையும் போட்டு இரண்டு நிமிடங்கள்; அதன்மேல் கோவா, கறிமிளகாய், லீக்ஸ் இலை சேர்த்து ஒரு நிமிடம். கடினமானது முதலில், மென்மையானது பிறகு. மரக்கறி கடிக்கும்போது நறுக்கென்று இருக்க வேண்டும். நூடில்ஸையும் கலந்து வைத்த சோஸையும் சேர்த்து, இரண்டு கரண்டிகளால் தூக்கித் தூக்கிப் போட்டு இரண்டு நிமிடங்கள் பிரட்டவும். கடைசியாக இறைச்சியைச் சாறோடு சேர்த்து, பச்சை நிறம் எங்கும் இல்லாமல் வெந்துவிட்டதா என்று பார்த்து, ஒரு நிமிடத்தில் இறக்கவும். தேசிக்காய்ப் புளி இறக்கிய பின்னரே.

உப்பும் ஹலாலும்

இந்த உணவுக்கு வேறாக உப்புத் தேவையில்லை. ஒரு மேசைக்கரண்டி சோயா சோஸில் மட்டும் ஏறத்தாழ 2 கிராம் உப்பு அடங்கியிருக்கும். வளர்ந்த ஒருவர் ஒரு நாளில் மொத்தமாக 5 கிராமுக்குக் குறைவாகவே உப்புச் சாப்பிட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை. நம் இரண்டு மேசைக்கரண்டி சோஸ் நான்கு பேருக்குப் பிரியும்போது ஒருவருக்கு ஒரு கிராம் அளவில் வரும். அதன்மேல் உப்பும் சுவையூட்டித் தூளும் போட்டால் கணக்கு எங்கே போகும் என்று யோசித்துப் பாருங்கள். வீட்டில் இரத்த அழுத்தம் உள்ள மூத்தவர்கள் இருந்தால் சோஸையும் குறைப்பது நல்லது.

சீன முறைக் குறிப்புகளில் இறைச்சியை ஊறவைக்க அரிசி மது சேர்க்கும்படி எழுதியிருப்பார்கள். நமக்கு அது கூடாது, தேவையும் இல்லை. சிறிது சீனியும் கடைசியில் விடும் தேசிக்காயும் சுவையைச் சரிசெய்துவிடும். சோஸ் போத்தல்களை வாங்கும்போதும் அடங்கியுள்ளவற்றின் பட்டியலை வாசித்து, ஹலால் இலச்சினை இருக்கின்றதா எனப் பார்த்து வாங்குவோம். இறைச்சியில் காட்டும் பேணுதல் போத்தலிலும் வேண்டும் அல்லவா?

கணக்குப் பார்த்தபோது

நான்காவது வாரம் என் நூடில்ஸ் நன்றாக வந்தது. தம்பி இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். அன்று நான் ஆய்வுகூடத்தில் செய்வதுபோல ஒவ்வொரு வேலைக்கும் எடுத்த நேரத்தைக் கொப்பியில் குறித்திருந்தேன்.

மரக்கறி கழுவி வெட்ட 15 நிமிடங்கள். இறைச்சி வெட்டிப் பிசிற 12 நிமிடங்கள். நூடில்ஸ் அவித்து வடிக்க 10 நிமிடங்கள். சோஸ் கலந்து எல்லாவற்றையும் வரிசைப்படுத்த 3 நிமிடங்கள். மொத்தம் 40. அடுப்பில் கிளறியது ஒன்பதரை நிமிடங்கள், சுமாராகப் பத்து.

அந்த எண்களைப் பார்த்தபடி நெடுநேரம் இருந்தேன். நாங்கள் வாசலில் நின்று "பத்து நிமிஷ வேலதானே" என்று சொன்ன நாட்களில் எல்லாம் அந்த நாற்பது நிமிடங்கள் எங்கே இருந்தன? நாங்கள் வகுப்பில் இருக்கும்போதே உம்மா அவற்றைச் செய்து முடித்திருக்கின்றார். அரிந்த கோவா மூடிய பாத்திரத்தில் இருந்திருக்கின்றது. இறைச்சி பிசிறி வைக்கப்பட்டிருந்திருக்கின்றது. எங்கள் பசியை எங்களுக்கு முன்னரே அறிந்து ஒருவர் உழைத்ததால்தான் அது எங்களுக்குப் பத்து நிமிடமாகத் தெரிந்தது.

கொப்பியை உம்மாவிடம் காட்டினேன். பார்த்துவிட்டுச் சிரித்தார். "சட்டி பானை கழுவுற நேரத்த எழுதல்லியே மகள்" என்றார். உண்மைதான். அந்த நிமிடங்களை நானும் மறந்துவிட்டேன்.

சகோதரிகளே, பரீட்சைக்குப் படிக்கும் நமக்குச் சமையல் எதற்கு என்று கேட்போரும் உண்டு; பெண்பிள்ளைக்குச் சமையல் தெரிந்தால் போதும், படிப்பு எதற்கு என்று கேட்போரும் உண்டு. இரண்டு கேள்விகளும் எனக்குப் பிழையாகவே தெரிகின்றன. பாடம் படித்திராவிட்டால் என் இறைச்சி ஏன் சாம்பல் நிறமானது என்று எனக்குத் தெரிந்திருக்காது. குசினிக்குள் போயிராவிட்டால் அந்தப் பாடம் வெறும் எண்ணாகவே இருந்திருக்கும். பெற்றோரே, அந்த நாற்பது நிமிடங்களை மகளிடம் மட்டும் ஒப்படைத்துவிடாதீர்கள். கரட் வெட்டுவதற்கு மகனுக்கும் இரண்டு கைகள் இருக்கின்றன.

உம்மாவின் கை இப்போது சுகம், அல்ஹம்துலில்லாஹ். கனமான தாச்சியைத் தூக்க மட்டும் இன்னும் சிரமப்படுகின்றார். சென்ற புதன்கிழமை வகுப்பு முடிந்து வந்த தம்பி வழமைபோல வாசலில் செருப்பைக் கழற்றினான். வழமையான வசனத்தை எதிர்பார்த்து நான் திரும்பிப் பார்த்தேன்.

"உம்மா, நூடில்ஸ் செய்வமா? நான் எத வெட்ட?" என்று கேட்டுக்கொண்டே கை கழுவப் போனான்.